மாமனாருக்குக் கண்டி காட்டிய ஆடி மாதம்

கண்டியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்களுக்குக் குறைவே வராது. எங்கிருந்தோ ஒருவர் பெட்டியோடு வந்து நின்று, "உங்க சின்னத் தாத்தாவும் எங்க பெரியப்பாவும் ஒரே கப்பல்ல வந்தவங்க" என்பார். அந்தக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகுட்டிகள் அத்தனை பேரும் எனக்கு உறவா என்று கேட்கத் தோன்றும். கேட்க முடியுமா? பாயை எடுத்துப் போட வேண்டும், மறுநாள் ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் குழாய்களையும் சாக்கடைகளையும் கவனிக்கும் ஓர் ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். வாரத்தில் மனிதனுக்கென்று கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதையும் நான் புத்தரின் பல்லை வைத்துக் கும்பிடும் தலதா மாளிகை வாசலில் பிறத்தியார் செருப்புக்குக் காவல் நின்றே கழித்தேன்.

தலதா மாளிகை, குளம், பேராதனைப் பூந்தோட்டம். இந்த மூன்றையும் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. குளத்தங்கரைக்கு வந்ததும் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "ஆழம் எவ்வளவு இருக்கும்?" முதலில் தெரியாது என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் முகம் வாடிப்போயிற்று. பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டவரின் வயதையும் தகுதியையும் பார்த்து ஆழத்தைக் கூட்டிச் சொல்வேன். பூந்தோட்டத்தில் உயர்ந்த மரங்களில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களைக் கண்டு வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். 'இவன் இந்த வாரமும் வந்துவிட்டானா' என்று அந்த வௌவால்களே சலித்துக்கொண்டிருக்கும்.

இப்படி அலுத்துப்போயிருந்த எனக்குத்தான் ஓர் ஆடி மாதம் முழுக்க மாமனாருக்கு ஊர் காட்டும்படி ஆயிற்று. அது விருந்தோம்பல் அல்ல. என் மனைவியை என்னோடு நிறுத்திவைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் பரமக்குடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எங்களில் வழக்கம். கடல் தாண்டிய சம்பந்தம் என்பதால் அது அந்த வருடம் தள்ளிப்போயிற்று. அடுத்த ஆடி வருவதற்குள் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பெயர் வைக்குமுன்னே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டது, யார் யாரோடு சண்டை போட்டார் என்று ஆபீஸ் கதையைச் சொல்வேன். அவள் "ம்" என்பாள். சாயங்காலம் ஆபீஸ் விட்டால் வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் வராது.

ஆனி மாதக் கடைசியில் ஊரிலிருந்து வந்த ஒருவர் தகவல் சொன்னார். மாமனார் ஆடி முதல் தேதி வருகிறார், பெண்ணை அழைத்துப்போகிறார். "தலை ஆடிக்குத்தான் வரல, இந்த ஆடிக்காவது வரட்டும். அவ ஆத்தா பக்கத்துல கொஞ்ச காலம் இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஆபீசில் இன்னொரு கிளாக்கர் இருந்தார். அவருடைய மனைவியும் 'கொஞ்ச காலம்' என்றுதான் இந்தியாவுக்குப் போனாள். அவர் வருடக்கணக்காகத் தானே பொங்கித் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் நான் என்னுடையதை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவேன்.

சொன்னபடி மாமனார் வந்தார். முறுக்கும் கருப்பட்டியும் மகளுக்குப் புடவையும் கொண்டுவந்தார். மண்டபம் முகாமில் கப்பலேறுமுன் நிறுத்திவைத்து ஊசி போட்டதில் கோபமாக இருந்தார். மகள் காலில் விழுந்து எழுந்ததும் அவள் தலையைத் தடவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, பெரஹர எந்தப் பக்கம் நடக்குது? இப்பவே போனா இடம் பிடிச்சிரலாமா?"

அப்போதுதான் அவருடைய கணக்கு எனக்கு விளங்கியது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய யாரோ, "ஆடி மாசம் கண்டியில பெரஹர, தெருவெல்லாம் யானையா நிக்கும்" என்று சொல்லிவிட்டிருக்கிறார். இவர் ஆடி முதல் தேதியே வந்து இறங்கிவிட்டார். எங்கள் ஆடி சூரியனைப் பார்த்து நடக்கிறது. சிங்களவருடைய எசல மாதம் சந்திரனைப் பார்த்து நடக்கிறது. இரண்டும் எல்லா வருடமும் கைகோத்துக்கொண்டு வருவதில்லை. அந்த வருடம் பெரஹர ஊர்வலம் ஆவணி பிறந்த பிறகுதான். விஷயத்தைச் சொன்னதும் மாமனார் நெடுநேரம் வெற்றிலை மென்றார்.

"யானைய பாத்துட்டு வர்றேன்னு ஊர்பூராச் சொல்லிட்டு வந்துட்டேன் மாப்ளே. பாக்காமப் போனா எவன் மதிப்பான்? இருந்து பாத்துட்டே இவளக் கூட்டிட்டுப் போறேன்."

நானும் ஒரு கணக்குப் போட்டேன். ஆடி கழிந்துவிட்டால் ஆடிக்கு அழைத்துப்போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதுவரை இவருக்கு அலுப்புத் தட்டக் கூடாது. தட்டிவிட்டால், யானையாவது பூனையாவது என்று அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார். ஆகவே தினமும் எதையாவது காட்டியாக வேண்டும்.

வழக்கமான மூன்றும் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே தீர்ந்துபோயின. தலதா மாளிகையில் விழுந்து கும்பிட்டு, "சுத்தமா வச்சிருக்காங்க" என்றார். குளத்தைப் பார்த்ததும் ஆழத்தைக் கேட்பார் என்று பதிலோடு காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"இதுலேர்ந்து எந்த வயலுக்குத் தண்ணி பாயுது?"

"எந்த வயலுக்கும் இல்ல மாமா. சும்மா பாக்கத்தான்."

"பாக்கத்தானா?" என்றார். வீடு வரும்வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தார். பேராதனையில் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று "இது காய்க்குமா?" என்று கேட்டார். காய்க்காத மரங்களை அவர் மதிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு, முதுகு விட்டுப்போய் வீட்டுக்கு வந்தால், மாமனார் குளித்துத் திருநீறு பூசி, குடையைக் கையில் பிடித்தபடி கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் என் மனைவியும் தலைவாரி நிற்கிறாள். அப்பா தனியாகப் போனால் வழி தவறிவிடுவார் என்று அவளும் கூட வருகிறாளாம்.

"இன்னைக்கு எங்க மாப்ளே?"

எங்கே போவது? சட்டையைக்கூட மாற்றாமல் அவர்களைச் சிறைச்சாலை மதிலுக்குக் கூட்டிப்போனேன். ஊர் நடுவில் நீண்டு கிடக்கும் அந்த மதிலை நான் நிழலுக்காகத் தவிர வேறெதற்கும் பார்த்ததில்லை. மாமனார் அதை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கையால் தொட்டுக்கொண்டே நடந்தார். "திருடனுக்குக் கட்டின இந்தச் சுவத்தை எங்க ஊர்ப் பிள்ளையாருக்குக் கட்டியிருந்தா எவ்வளவு நல்லாருக்கும்" என்றார். அவருக்குப் பரம திருப்தி. என் குதிகால்தான் வெடித்துப்போயிற்று.

அதன் பிறகு கண்டியின் காட்சிகளை நானே உண்டாக்க ஆரம்பித்தேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் கருவாடு இறக்கும் மூலை ஒரு நாள். கொழும்பு வீதியில் சாய்ந்து நிற்கும் மைல்கல் ஒரு நாள். அது சாய்ந்த காரணம் எனக்குத் தெரியாது. யானை முட்டியது என்று சொல்லிவைத்தேன். மழை பிசுபிசுக்கும் கண்டி ஆடியில் நாங்கள் மூவரும் இரண்டு குடைகளோடு ஊரின் ஒன்றுக்கும் உதவாத இடங்களையெல்லாம் தரிசித்தோம். ஆபீசில் எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது.

ரயில் ஸ்டேஷனுக்கு ஒரு நாள் போனோம். பார்சல் நிறுக்கும் பெரிய தராசைப் பார்த்ததும் மாமனார் அதில் ஏறி நின்றுகொண்டார். போர்ட்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே நிறுத்துச் சொன்னார். பிறகு மாமனார் மகளையும் ஏறச் சொன்னார். அவள் தயங்கி ஏறினாள். முள் கொஞ்சமே நகர்ந்து நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனம் சரியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் புசல்லாவை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழியில் கெலிஓயாவில் ஒரு முஸ்லிம் தேத்தண்ணிக் கடைக்காரர் எனக்குப் பழக்கம். திரும்பும்போது அங்கே இறங்குவதாகத் திட்டம். போகும் வழியில் ஏற்றத்தில் பஸ் மூச்சு வாங்கி, ஒரு வளைவில் பீலிக்குப் பக்கத்தில் நின்றது. மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் கொட்டும் பீலி அது. எல்லா பஸ்ஸும் அங்கே நின்று எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் போகும். கண்டக்டர் வாளியோடு இறங்கினார், மாமனாரும் இறங்கினார். முகம் கழுவினார், குடித்தார், மறுபடி குடித்தார். வாளி நிறைந்து, எஞ்சின் குளிர்ந்து, டிரைவர் ஹார்ன் அடித்தும் அவர் பீலியடியிலேயே நின்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

திரும்பும்போது கெலிஓயாவில் இறங்கினோம். கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவு பெரிய மகாவலி கங்கை பக்கத்துல ஓடுது. நீங்க என்னத்துக்கு வாப்பா பீலியப் பாத்துக்கிட்டு நிண்டீங்க?" என்று கேட்டார்.

"ஆறு அது பாட்டுக்கு ஓடும். இது ஒருத்தரும் கேக்காமக் கொட்டுதே" என்றார் மாமனார்.

கடைக்காரர் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன்.

எங்கள் வீட்டுத் தெரு முனையில் ஒரு தெருக்குழாய் இருந்தது. கழுத்துச் சாய்ந்த, பாசி பிடித்த இரும்புக் குழாய். எவ்வளவு முறுக்கி மூடினாலும் மூடாது. இரவும் பகலும் ஒழுகும். எங்கள் ஆபீஸ் ஆட்கள் வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள், அவர்கள் தெருவைத் தாண்டுமுன் மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். தினமும் இரண்டு தரம் அதைக் கடந்து போகிறவன் நான். அதைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. ஒரு சாயங்காலம், காட்ட எதுவும் மிச்சமில்லாமல், கோயில் பக்கம் போய்வரலாம் என்று கிளம்பியபோது மாமனார் அந்தக் குழாயடியில் நின்றுவிட்டார்.

"குடம் யாரோடது?"

"குடம் ஒண்ணும் இல்ல மாமா. அது அப்படித்தான் ஒழுகும்."

"எப்பலேர்ந்து?"

"நான் வந்த நாள்லேர்ந்து."

அவர் முகம் மாறியது. அவருடைய ஊரில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் வழித்து வழித்துக் குடம் நிறைப்பார்கள். ஒரு குடம் நிறையப் பொழுது சாய்ந்துவிடும் என்று என் மனைவி கல்யாணமான புதிதில் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"மாப்ளே, இது உங்க ஆபீஸ் குழாய்தானே?"

"ஆமா மாமா."

"சம்பளம் தர்றாங்கல்ல?"

அவர் குடையை என் கையில் திணித்தார். தோளில் கிடந்த துண்டை உருவிக் குழாய் வாயில் சுற்றி, முழங்காலை ஊன்றி, இறுக்கிக் கட்டினார். ஒரு நிமிடம் ஒழுகல் நின்றது. "பாத்தீங்களா" என்று என் பக்கம் திரும்பினார். அந்தச் சமயம் பார்த்துத் துண்டு பிய்த்துக்கொண்டு, தண்ணீர் பக்கவாட்டில் பீறி, திருநீறு பூசிய நெற்றியிலிருந்து வேட்டிவரை அவரைக் குளிப்பாட்டிவிட்டது.

என் மனைவி சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல், குழாயடிக் கல்லில் கையூன்றி நின்று சிரித்தாள். குழந்தை போனபின் அந்தச் சத்தத்தை நான் கேட்கவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு குடைகளையும் விரித்துப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கண்டியில் பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றே என்று ஆகிவிட்டது. நான் ஆபீஸ் விட்டு வந்தால் அப்பனும் மகளும் குழாயடியில்தான் இருப்பார்கள். மாமனார் ஒரு நாள் தேங்காய் நாரைத் திணித்துப் பார்த்தார், ஒரு நாள் தக்கையைச் சீவி அடித்தார், ஒரு நாள் தார் பூசினார். "வாழை நார வச்சுச் சுத்துங்கப்பா" என்று இவள் யோசனை சொன்னாள். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண், "ஐயா, எங்களுக்குத் தண்ணி வேணும். மொத்தமா அடைச்சிப்புடாதீங்க" என்று குடத்தோடு கெஞ்சினாள். இந்தக் கதையையெல்லாம் இராச்சாப்பாட்டின்போது இவளே எனக்குச் சொன்னாள். நான் "ம்" போட்டேன். கால் கடுத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஆடி போயிற்று, ஆவணி பிறந்தது, பெரஹரவும் வந்தது. மூவரும் போய்ப் பார்த்தோம். மறுநாள் காலையில் மாமனார் தன் அபிப்பிராயத்தைச் சொன்னார்: "யானை நல்லாத்தான் இருக்கு. கூட்டந்தான் கால மிதிச்சுப்புட்டாய்ங்க." அவ்வளவு நாள் காத்திருந்த காட்சி அதோடு முடிந்தது. நான் தோசையைப் பிட்டுக்கொண்டே, ஒன்றும் தெரியாதவன்போல் ஆரம்பித்தேன்.

"ஆடிதான் கழிஞ்சு போச்சே மாமா. இனி அடுத்த ஆடிக்குப் பாத்துக்குவோமா?"

மாமனார் மகளைப் பார்த்தார். அவள் என் தட்டில் சட்னியை வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடியே சொன்னாள்.

"நான் போயிட்டு வர்றேங்க. அம்மாவப் பாக்கணும்போல இருக்கு."

ஆடியாவது ஆவணியாவது. அவள் போக ஆசைப்படுவாள் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. எத்தனை மதில், எத்தனை மைல்கல், எவ்வளவு மழை. எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று நினைத்தேன். "சரி" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்டேஷனில் அவர்களை வண்டியில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் நின்றேன். எப்போது வருவாய் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் 'கொஞ்ச காலம்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். தண்ணீர்ச் செம்பு எடுத்தாயா, பழம் எடுத்தாயா என்று கேட்டதையே திரும்பக் கேட்டேன். விசில் ஊதியதும் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அந்தக் குழாய மாத்த ஆளு வருதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. அடுத்த வாரம் வருவாங்க."

"நான் வர்ற வரைக்கும் மாத்த விட்டுறாதீங்க. நான் வந்து பாக்கணும்."

உள்ளிருந்து மாமனார், "இது என்ன பேச்சு தாயி, அவ்வளவு தண்ணியும் வீணாப் போகுது" என்று சத்தம் போட்டார். வண்டி நகர்ந்துவிட்டது.

அடுத்த வாரம் நாங்கள் 'பாஸ்' என்று கூப்பிடும் குழாய் மேஸ்திரி சாமான்களோடு அந்தத் தெருவுக்குப் புறப்பட்டார். அதைவிட அவசரமான இடம் இருக்கிறது என்று அவரை வேறு பக்கம் அனுப்பினேன். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவர் என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தெருவில் சேறு. குழாயடிக்கு வரும் பெண்கள் என் ஆபீசைத் திட்டும்போது நானும் நின்று, "ஆமா, அங்க ஒருத்தனும் வேலை செய்யிறதில்ல" என்று சேர்ந்து திட்டினேன். ஐப்பசி மழையில்கூட ஆபீஸ் விட்டதும் நேராக அங்கே போய், ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். வீட்டில் நானே பொங்கி நானே சாப்பிட்டேன். மத்தியானத்தில் அந்தக் கிளாக்கரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பாத்திரத்தைத் திறப்போம்.

கார்த்திகை கடைசியில், ஊரிலிருந்து திரும்பும் ஒரு குடும்பத்தோடு அவள் வந்து இறங்கினாள். கன்னம் பூசினாற்போல் இருந்தது. ரிக்‌ஷாவில் ஏறியதும் ஊர்க் கதையை ஆரம்பித்தாள். எங்கள் தெரு முனை வந்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தூறலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குழாயடிக்குப் போய், ஒழுகும் தண்ணீருக்கடியில் கையை நீட்டினாள்.

"என்னங்க இது, நிசமாவே விட்டு வச்சிட்டீங்களா?"

"நீதானே சொன்ன."

"நான் சொன்னா? தெருவெல்லாம் இப்படிச் சேறாக் கெடக்கு, பாவம் இந்தச் சனங்க. நாளைக்கே ஆள அனுப்புங்க."

"சரி" என்றேன். சிறைச்சாலை மதிலிலிருந்து நடந்த நடையெல்லாம் அப்போதுதான் ஒன்றாக வந்து காலில் இறங்கியது. குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்க, வேட்டி நனையுது" என்றாள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.